ஏழு ஓலைகளும் ஒரு மேட்னி ஷோவும்

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊரில், தேர்த்திருவிழாவில் முதல் பரிவட்டம் யார் தலையில் கட்டுவது என்பதில் வருஷம் தவறாமல் மண்டை உடையும். எங்கள் வீட்டுக்கும் மேலத்தெரு பங்காளிக்கும்தான் போட்டி. எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் போர்டு எழுதிப் பிழைத்த என்னிடம் அண்ணன் வந்தார். "ராஜா காலத்துலயே நம்ம வீட்டுக்குத்தான் மரியாதைன்னு ஒரு ஓலை எழுதிக் குடுடா. உன்ன விட்டா யாருக்குக் கை வரும்?" அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன், மடையன்.

ஏழு ஓலை. மஞ்சள் தண்ணீரில் வேகவைத்து, நிழலில் காயப்போட்டு, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரி தேய்த்து, அடுப்புக்கு மேலே ஒரு மாதம் புகையில் தொங்கவிட்டேன். பஞ்சாயத்தில் பெரியவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பரிவட்டத்தோடு நின்றபோது அண்ணன் அழுதார். நானும் அழுதேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள், ஊரே டிராக்டர் ஏறி திண்டிவனத்துக்கு மேட்னி ஷோ போனது. சிரிப்புப் படம். தான் ராஜ வம்சம் என்று காட்டிக்கொள்ள காமெடியன் கள்ள ஓலை எழுதி, பச்சை ஓலையை அப்படியே புகையில் பிடிக்கிறான். கொட்டகையே சிரித்தது. எனக்கோ பொறுக்கவில்லை.

"டேய் லூசு! மஞ்சத்தண்ணில வேக வெக்காம பொகையில காட்னா சுருண்டுக்கும்டா!" என்று கத்திவிட்டேன்.

சுற்றிலும் சிரிப்பு நின்றது. பின்வரிசையில் பங்காளி எழுந்தான். "ஓகோ! உனக்கு எப்புட்றா தெரியும்?"

அவன் செருப்பு அண்ணன் முகத்தில் அறைந்தது. அண்ணன் சோடா பாட்டிலால் அவன் மண்டையைப் பிளந்தார். பெஞ்சுகள் பறந்தன. என் மடியில் ஒரு பல் வந்து விழுந்தது, யாருடையதோ, கடவுளே! திரையில் காமெடியன் ஆடிக்கொண்டே இருந்தான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நாசமாப் போறவனே, வாய மூடிக்கினு இருக்கக் கூடாதா?" உடைந்த பெஞ்சுக் காலால் என் வலது மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

இனி எந்த வீட்டுக்கும் பரிவட்டம் கிடையாது என்று பஞ்சாயத்து முடித்துவிட்டது.

மாவுக்கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். தலையில் தையலோடு பங்காளி வந்தான்.

"கை எப்ப சரியாவும்?" என்றான். பாவம், அக்கறையாகக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"ஜல்தியா சரி பண்ணிக்க. பஞ்சாயத்து கெடக்கு, எங்களுக்கும் ஒண்ணு எழுதணும். உங்க அண்ணனோடதுக்கு நூறு வருஷம் மூத்ததா."

மாவுக்கட்டுக் கையாலேயே அவன் தையல் மேல் போட்டேன். அண்ணனுக்காகத்தான் அடித்தேன். அவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.