தனுஜா மிஸ்

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளுக்குக் கீழே உள்ள வளைவிலேயே பஸீஹா குடையை மடக்கிவிடுவார். மழை கொட்டினாலும் அப்படித்தான். பிறகு கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பைக்குள் வைப்பார், போனின் சத்தத்தை நிறுத்துவார், நனைந்தபடியே மேலே ஏறுவார். குடை ‘டப்’பென்று மடங்குவதும் வளையல் சிணுங்குவதும் தனுஜாவுக்கு ஆகாது. அவள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் அன்றைய வேலை அதோடு சரி.

பலாங்கொடையிலிருந்து வரும் பஸ்ஸில் இதே பஸீஹாவைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். கண்டக்டரோடு சிங்களத்தில் வாயடிப்பார். அவர் சிரித்தால் பின் ஸீட் வரை கேட்கும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முன்பு டவுனில் கல்யாண உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு சேவை நிலையத்தில் இருக்கிறார். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள இளையவர்கள் சிலருக்கு இவர்தான் முழுப் பொறுப்பு. வீட்டுக்குப் போவது, பழக்குவது, கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, வேண்டிய இடத்தில் அவர்களுக்காகப் பேசுவது எல்லாம் இவர் வேலை. அந்தப் பதவியின் பெயர் தோட்டத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால், பார்க்க வரும் பிள்ளையின் பெயரைச் சேர்த்து, இந்த லயத்தில் அவர் ‘தனுஜா மிஸ்’, அடுத்த தோட்டத்தில் ‘சுமன் மிஸ்’. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

தனுஜாவுக்குப் பத்தொன்பது வயது. பேச்சு இல்லை. பீலிக் குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்த்தபடி, தானும் ஒரே சுருதியில் ‘ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருப்பாள். பிடிக்காததைத் தூக்கி எறிவாள். அவள் தட்டை எறிந்தால் பஸீஹா தட்டைப் பார்க்க மாட்டார். “வேணாண்டு சொல்றா” என்பார். நுள்ளினாலும் அதே பதில்தான். ஒரு முறை கடித்தபோது மட்டும், “கொஞ்சம் பலமாச் சொல்றா” என்றார்.

மாதவிடாய் நாட்கள்தான் அந்த வீட்டைப் பிடித்து ஆட்டின. வைத்த துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கறை படிந்த பாவாடையோடு அவள் பீலிக்கு ஓடுவாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் சிரிப்பார்கள். தாய் பிரேமலதா அந்த நாட்களில் கொழுந்து பறிக்கப் போகாமல் வாசலில் காவல் இருந்தார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று யோசனை சொன்னவர் தாய்மாமன் கஜேந்திரன். பிரேமலதாவும் அரை மனதோடு தலையாட்டிவிட்டார். அவருடைய சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லப் போதாது.

“நீங்கதான் கூட வந்து பேசணும் மிஸ்” என்றார்.

பஸீஹா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் வாறன். நீங்க சொல்றத்த ஒரு சொல்லும் விடாமச் சொல்லித் தாறன். ஆனா தனுஜாவுக்கும் சேத்துத்தான் கதைப்பன். அது என்ட வேல.”

கஜேந்திரனுக்கு முகம் கறுத்தது. அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டார். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரம் பார்த்து எவனாவது உள்ளே நுழைந்து, பிள்ளையின் வயிற்றில் ஒன்று வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்கும்போதே குரல் உடைந்தது. இவ்வளவு நாளும் அவர் காட்டியது கோபமல்ல, பயம் என்று பஸீஹாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

“அத எடுத்தா புள்ள தங்காது, அவ்வளவுதான்” என்றார் மெதுவாக. “எவனும் கை வைக்கிறத்த அது நிப்பாட்டாது. நடந்தது வெளிய தெரியாமப் போகும்.”



கிளினிக்கில் அவர் சொன்னபடியே செய்தார். பிரேமலதாவின் அலுப்பு, வெட்கம், பயம் எதையும் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னார். பிறகு நாற்காலியைத் தூக்கித் தனுஜாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இனி இவளுக்காகப் பேசுகிறேன் என்றார். இதை யாரும் இவளுக்குப் பழக்கிப் பார்க்கவில்லை, நான் பழக்குகிறேன் என்றார். டாக்டர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். நோயில்லாத உறுப்பை இதற்காக எடுக்க முடியாது, பழக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார். திரும்பும்போது கஜேந்திரன் பஸ்ஸில் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பழக்குவது லேசான காரியமாக இருக்கவில்லை. முதல் மாதம் வாளி பறந்தது. அடுத்த மாதம் பஸீஹாவின் மணிக்கட்டில் பல் பதிந்தது. அவர் அவசரப்படவுமில்லை, விட்டுவிடவுமில்லை. ஒரு நாள் தனுஜா சட்டை மாற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்போதும் உட்புறம் வெளியே தெரியத்தான் உடுத்துவாள். தாய் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டார். தையல் மேலில் பட்டால் அவளுக்கு முள்ளாய்க் குத்துகிறது என்பது தையல்காரிக்குச் சட்டென்று பிடிபட்டது. அன்று மாலையே வீட்டில் ஒரு பழைய பருத்திச் சேலையை வெட்டி, தையலெல்லாம் வெளிப்பக்கம் போகும்படி, மெத்தென்ற மடிப்புத் துணிகள் தைத்தார்.

அடுத்த முறை தனுஜா அதைத் தடவிப் பார்த்தாள், முறைத்தாள். ஆனால் பிடுங்கவில்லை.

அதன் பிறகு மாற்றுவது, வாளியில் போடுவது, கை கழுவுவது எல்லாம் ஒரே ஒழுங்கில், பட அட்டைகளைக் காட்டிக் காட்டி நடந்தது. சாதாரண நாட்களிலும் பழகினார்கள். இடையில் ஒரு மாதம் எல்லாம் தலைகீழாகிப் பிரேமலதா அழுதார். “இந்தத் தரம் வேணாண்டு சொல்லிட்டா. அடுத்த தரம் கேப்பம்” என்றார் பஸீஹா. அடுத்த தரம் தனுஜா இணங்கினாள். பிரேமலதா ஒவ்வொரு நாளும் மலைக்குப் போகத் தொடங்கினார்.  ஒரு பௌர்ணமிப் போயா லீவில் கஜேந்திரன் தகரமும் பலகையும் சுமந்து வந்து, சாக்குத் திரை தொங்கிய குளிக்கும் மறைப்புக்குக் கதவு போட்டார். கொண்டியை உட்பக்கம் வைத்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தனுஜா வாளியைத் தானே எடுத்துக்கொண்டு அங்கே போனாள். வழக்கம்போல் பஸீஹா பின்னால் போனார். கதவு நிலையடியில் அவள் திரும்பி, உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தினாள். உள்ளே கொண்டி விழும் சத்தம் கேட்டது.

அடுப்படியிலிருந்து பிரேமலதா பதறிக்கொண்டு ஓடிவந்தார். பஸீஹா தகரக் கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, வழியை மறித்து நின்றார்.