பின்பக்கக் குலை

ஐம்பது வயதுக்கு மேல் தலையில் பயிர் செய்ய முடியும் என்று ஆறு மாதம் நம்பினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உரம் எங்கள் கொல்லைத் தென்னையிலிருந்து கிடைத்தது. காயை உலர்த்தி, செக்கில் கொடுத்து ஆட்டி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். குளியலறையில் பக்கெட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். தலையணை உறை மட்டும் வாரம் தவறாமல் காட்டிக்கொடுத்தது. மனைவி அதைத் துவைத்துப் போட்டாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு தென்னை. நாங்கள் குடிவருவதற்கு முன்பே அங்கே இருந்ததால் வீட்டுக்காரர் தோரணை இன்றைக்கும் அதற்குத்தான். எங்கே துணி காயப்போடலாம் என்பதை அதன் மட்டைகள் முடிவு செய்யும். அணில் கடித்த குரும்பை தகரக் கூரையில் விழும்போது பேச்சை நிறுத்திவிட்டு, உருண்டு முடித்ததும் தொடர்வோம். பதிலுக்கு அது சட்னிக்கும் பொரியலுக்கும் தட்டாமல் கொடுக்கிறது. என் தலை விஷயத்தில்தான் கைவிட்டுவிட்டது.

போன சித்திரையில் லால்குடியிலிருந்து மாமனார் வந்து தங்கினார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். இருந்த பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, பல்செட்டுக்காக மூன்று வாரம் காத்திருந்தார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. போனில் யார் கூப்பிட்டாலும், "மொத்தமும் போச்சுங்க, ஒண்ணுகூட பாக்கி இல்ல" என்று ரிசல்ட் மாதிரி அறிவிப்பார். ரசம் சாதமும் பாலில் ஊறிய இட்லியும் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இளநீர் குடித்த பிறகு ஓட்டில் ஒட்டியிருக்கும் பதமான தேங்காய், ஸ்பூனால் வழித்தால் வந்துவிடுவது. பல்லே வேண்டாம், ஈறு போதும்.

மரம் ஏறுபவர் மறுநாள் வருவதாக இருந்தது. "அப்பாவுக்கு ஆகுற மாதிரி பறிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்படிக்குப் போனாள். அன்று மாமனார் காலையிலிருந்தே கொல்லையில் நாற்காலி போட்டு, கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார்.

மரம் ஏறுபவர் உச்சிக்குப் போனார். ஒரு குலையைத் தட்டிப் பார்த்தார். பிறகு நேர்கீழே நின்ற என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், வழுக்கையா?"

அந்தப் பதத்துக்குத் தமிழில் அதுதான் பெயர் என்பது எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆறு மாதமாக என் காதில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். அதிலும் என் தலையை அவ்வளவு உயரத்திலிருந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"இல்லை" என்றேன்.

"லேசாகூடவா சார்?"

"லேசாகூட இல்லப்பா. நல்லாப் பாரு, பின்பக்கம் நிறைய இருக்கு."

"பின்பக்கக் குலையா? சரிங்க சார்."

குலை கயிற்றில் இறங்கியது. பின்னாலேயே அவரும் இறங்கி, முதல் காயைச் சீவினார். வெறும் தண்ணீர். இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவது காயில் மாமனார் ஸ்பூனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். மனைவி வந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க இது, வழுக்கை பறிக்கலையா?"

"சார்தான் இல்லைன்னாரும்மா" என்றார் மரம் ஏறுபவர். "லேசாகூட இல்லைன்னாரு. பின்பக்கம் நிறைய இருக்குன்னாரு."

மூன்று பேரும் என் தலையைப் பார்த்தார்கள். பின்பக்கத்தைப் பார்க்க ஒருவரும் சிரமப்படவில்லை.

இன்னொரு முறை ஏறச் சொல்லிக் கெஞ்சினேன். "அடுத்த தெருவுல நாலு மரம் இருக்கு சார், வெயில் ஏறிடும்" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மதியம் மாமனாருக்கு மறுபடி ரசம் சாதம். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் இரண்டு கவளம் இறங்கியிருக்கும்.

மறுநாள் காலை காவிரிப் பாலத்தருகே இளநீர் விற்பவரிடம் வண்டியை நிறுத்தினேன். நாலைந்து பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டேன்.

"என்னங்க? ஒண்ணும் கேக்கல."

கழற்றினேன். "வழுக்கை" என்றேன், பாலத்துக்கே கேட்கும்படி. அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேற்கொண்டு விசாரிக்காமல் நல்ல காயாக மூன்று எடுத்துக் கொடுத்தார்.

மாமனார் மூன்றையும் வழித்துச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஓடு சுரண்டும் சத்தம் கேட்கும்வரை. எனக்கும் மனது லேசானது. வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பல்லு போனத ஊருக்கே சொல்லிட்டேன் மாப்பிள்ளை. உங்களுக்கு முடி போனத அந்த ஒரு ஆளுகிட்ட ஒத்துக்கிட்டிருந்தீங்கன்னா, நான் நேத்தே சாப்பிட்டிருப்பேன்."