கரண்ட் போன நேரத்துப் பாட்டு

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். ஆனால் தறிகள் ஓடும் இரைச்சலில் வாய்விட்டுப் பாடுவேன். யாருக்கும் கேட்காது.

பக்கத்துத் தறி சுப்பையா அண்ணாச்சியின் மனைவி, கோபித்துக்கொண்டு வாசுதேவநல்லூரில் (எங்கள் பேச்சில் வாசு) பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை வைத்து நானே ஒரு பாட்டுக் கட்டினேன். அலுப்புத் தெரியாமல் இருக்க, தினமும் அதைத்தான் பாடுவேன்.

அன்று காலை திடீரென்று கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் நின்றன. என் வாய் நிற்கவில்லை.

"வாசு பஸ்ஸு வந்துட்டுது சுப்பையா, உம்ம வாசலுக்கு ஆளு வரலையே சுப்பையா!"

கூடமே சிரித்தது. "வாய் திறக்காத மனுசனுக்கு இம்புட்டுக் குரலா!" என்றார் ஒருவர். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல், அறுந்த நூலை முடிந்துகொண்டே சொன்னார்.

"ராகம் நல்லாத்தான் வே இருக்கு. இன்னைக்குத்தான் கேக்கேன். வார்த்தையெல்லாம் முன்னாடியே தெரியும்."

"எப்படி அண்ணாச்சி?"

"தறி ஓடும்போது சாப்பிட்டாச்சான்னு நீரு கேட்டா நான் எப்படிப் பதில் சொல்லுதேன்? உம்ம உதட்டைப் பாத்துத்தான வே!"

எல்லாம் தெரிந்தேதான் இத்தனை நாளும் என் தறியில் அறுந்த இழைகளை முடிந்து கொடுத்திருக்கிறார்.

கரண்ட் வந்தது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று இரைச்சலுக்குள் உதட்டை அசைத்தேன். அவர் குனிந்திருந்தார். பார்த்தாரா, தெரியவில்லை.

தினமும் டீக்கடை வரை சேர்ந்துதான் நடக்கிறோம். அங்கே எந்த இரைச்சலும் இல்லை. அதனாலேயே எனக்கு அந்த வார்த்தை இன்னும் வரவில்லை.