சித்தியின் செம்புத் துண்டுகள்

வெடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவர ஆள் அனுப்ப முடியாதாம். அதனால் ஒரு செம்புத் துண்டை அனுப்புவார்களாம். அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் சித்தி இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கனத்த இரும்புக் கலத்துக்குள் வெடிமருந்தை வெடிக்கவைப்பார்கள். உள்ளே எழும் அழுத்தம், புளியங்கொட்டை அளவுச் செம்பை நசுக்கும். அது எவ்வளவு குட்டையானது என்று அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும்.

எனக்கு எட்டு வயது. வீடு கடலூர் செம்மண்டலத்தில். சனிக்கிழமை சிதம்பரம் பஸ்ஸில் வந்து இறங்கும் சித்திக்காக மற்ற நாளையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன். அம்மாவிடம்கூட எனக்கு அத்தனை ஒட்டுதல் கிடையாது.

அந்தத் தீபாவளிக்கு, வெடித்து எடுத்த பன்னிரண்டு செம்புத் துண்டுகளைக் காகித உறைகளில் எண் போட்டுக் கொண்டுவந்தாள். லேப் லீவு. வீட்டிலேயே மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிவிட்டால் ஆராய்ச்சி முடிந்த மாதிரிதான். புனேயில் வேலை காத்திருந்தது. தாத்தாவுக்கு அதில் இஷ்டமில்லை.

"தைக்குள்ள முடிச்சின்னா புனே போ. இல்லன்னா குறிஞ்சிப்பாடி மாப்பிள்ள வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அவுங்களும் எத்தினி நாளு காத்திருப்பாங்க?"

"முடிச்சிடுவேம்பா," என்றாள் சித்தி.

நானும் யோசித்தேன். புனே எந்தத் திசை என்றே தெரியாது. குறிஞ்சிப்பாடி என்றால் ஒரு பாக்கெட் முறுக்கு தீர்வதற்குள் போய்விடலாம்.

மறுநாள் காலை சித்தி எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நேரம், பன்னிரண்டையும் அம்மியில் வைத்துக் குழவியால் நங்கு நங்கென்று போட்டேன். தெருவில் சரவெடி; யாருக்கும் கேட்கவில்லை. தட்டையானவற்றை அந்தந்த உறையிலேயே ஒழுங்காகத் திருப்பி வைத்தேன். அதில் மட்டும் என்ன நேர்மையோ!

உறையைப் பிரித்த சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திருதிருவென விழித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி கண்ணு?"

"நீ போயிடுவ இல்ல..."

அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். இழுத்து அணைத்துக்கொண்டாள். மறுபடி வெடித்துப் பார்க்க அனுமதி கிடைக்கவே ஆறு மாதமாகும். தாத்தாவிடம், "ரிசல்ட்டு சரியா வரலப்பா," என்று மட்டும் சொன்னாள். கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போதும் குறிஞ்சிப்பாடிக்குப் போய் வருகிறேன். சித்தி மீன் குழம்பு வைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் சோறு போடுகிறாள். வெடியைப் பற்றி அவள் பேசி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் வந்து நின்றால், கண்ணெல்லாம் சிரிப்பாகப் பேசுவாளே, அந்தச் சித்தி இறங்கமாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அந்தத் தையிலேயே சித்திக்குக் கல்யாணம் நடந்தது. தாலி ஏறியதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். நான் ஓடிப்போய் என் பட்டுப்பாவாடை நுனியால் அவள் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவாத சித்தி. இனிமே பக்கத்துலயேதான இருக்கப் போற!"

அதைக் கேட்டு அவள் இன்னும் தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.