சவுரியம்மாளுக்கு ஆகாதது

எழுபத்தொன்பதில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ரத்தினசாமி, உள்ளே கிளம்பிய விஷவாயுவில் மயங்கிச் சாய்ந்தான். அதே ஷாப்பில் தோலுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி சவுரியம்மாள் ஓடிவந்து, தொட்டியோரம் குப்புறப் படுத்து, அவன் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்து என்ன பண்ண? கொழுப்பும் சுண்ணாம்புமாகக் கொழகொழவென்றிருந்த அந்தக் கை வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் கல்லறையில் மண் போடும்போதே ஷாப்பு மேஸ்திரி, "குடிச்சிட்டு உழுந்துட்டாம்பா" என்று நாலு பேர் காதுபட ஆரம்பித்தான். சாராய வாடையே ஆகாத மனுஷனைப் பற்றி! அந்த நாக்கு அழுகாதா என்று சவுரியம்மாளுக்கு அருவருப்பு பொங்கியது.

தொட்டியில் அவன் கை வழுக்கிய அன்றைக்கு மூடிய அவள் வலதுகை அப்புறம் திறக்கவில்லை. ஒருத்தி விளக்கெண்ணெய் தேய்த்தாள், ஒருத்தி விரலைப் பிடித்து நெம்பினாள். வாந்தி எடுத்ததுதான் மிச்சம். வெண்டைக்காய், தயிர், ஈர சோப்பு என்று வழுக்குகிற எதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டியது. இதில் பெரிய கொடுமை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய தன் கைக்குழந்தையும் அப்படியே ஆகிப்போனது. பெற்றதைத் தொட்டால் குமட்டுகிறதே, நானும் ஒரு தாயா என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றும்.

ரத்தினசாமியின் அக்கா அமிர்தவள்ளிதான் குழந்தையை வளர்த்தாள். நல்லவள்தான். ஆனால் குழந்தை அவளையே "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்ததும், "எங்கிட்டயே இருக்கட்டும் சவுரி. வாணியம்பாடிக்கு எங்களோட இட்டுக்கினு போயிடறோம்" என்றாள்.

அதற்கப்புறம்தான் சவுரியம்மாள் காட்பாடிக்குப் பஸ் ஏறினாள். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியம் பார்த்தவள் கிரேஸி. "எலும்பெல்லாம் நல்லாத்தான் கீது. பயம்தான் புடிச்சிக்கினு விடமாட்டேங்குது" என்று சிரித்தபடி, கேளாமல் கொள்ளாமல் மூடிய கைமேல் வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயை ஊற்றினாள். சவுரியம்மாள் அவள் வெள்ளைப் புடவைமேலேயே வாந்தியெடுத்தாள்.

"சீ! உங்களுக்கெல்லாம் வாய்னு ஒண்ணு கெடையாதா? கேட்டுட்டுத் தொடமாட்டீங்களா?"

கிரேஸி புடவையைக்கூடத் துடைக்கவில்லை. "தப்பு என்னுதுதாம்மா. சொல்லு, உனக்கு இன்னாதான் ஆவாது?"

இத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். சவுரியம்மாள் தொட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்புறம் கிரேஸி அவளைத் தொடவே இல்லை. எதிரே உட்கார்ந்து மூச்சோடு தோளைத் தூக்கினாள், மூச்சோடு இறக்கினாள். இடுப்பிலிருந்து மெல்ல முன்னும் பின்னும் அசைந்தாள். சவுரியம்மாளும் கூடவே செய்யவேண்டும், குமட்டினால் நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கூத்துக்கா இவ்வளவு தூரம் வந்தேன், தூ என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. கிரேஸி கையைத் திறக்கச் சொல்லவில்லை. இன்னும் இறுக்கி மூடச் சொன்னாள், பிறகு அது தானாகத் தளர்கிற அளவுக்கு விடச் சொன்னாள். வாராவாரம் இதே வேலை. காய்ந்த துணியைப் பிடித்துப் பழகி, பிறகு ஈரத்துணிக்கு வந்தாள். கை திறந்துவிட்டது. குமட்டல் மட்டும் போகவில்லை.

"இது எப்பதான் போவும்?"

"தெரியலம்மா. வந்தா வரட்டும். அதுக்காக நீ ஏன் நிக்கணும்?"

அமிர்தவள்ளி வாணியம்பாடிக்கு மூட்டை கட்டிய காலையில், வாசலில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இப்டி குடு அண்ணி."

"வேணாம்டி, உனக்கு ஆவாது."

"குடுன்றேன்ல."

எண்ணெயும் நுரையுமாகக் குழந்தை கைக்குள் வழுக்கியது. மூச்சோடு தோளை இறக்கிப் பார்த்தாள், குமட்டல் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிச் சாக்கடையில் வாந்தியெடுத்தாள். "ஐயோ, கொழந்த உழுந்துடப் போவுது" என்று அமிர்தவள்ளி வாங்குவதற்குக் கை நீட்டினாள்.

சவுரியம்மாள் தோளிலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ சொம்புல தண்ணி மொண்டு ஊத்து அண்ணி. எம்பொண்ண நான் புடிச்சிக்கினுதான் இருக்கறேன்."