இரண்டு பக்க எண்கள்

என் மகள் கல்லூரி ஆய்வுக் கட்டுரைக்குத் துணைநூல் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். மடிக்கணினியில் எதையோ அழுத்தியதும் நாற்பது நூல்களும் அகரவரிசையில் வந்து உட்கார்ந்தன. "பக்க எண்ணெல்லாம் புத்தகத்தத் தெறந்து பாத்தியா?" என்றேன். "யாருப்பா அதெல்லாம் பாக்கப் போறாங்க?" என்று சிரித்தாள். பார்ப்பார்கள். ஏன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை; உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

விவேக் நகரில் ஒரு டி.டி.பி. கடையில்தான் என் முதல் வேலை. பிரிண்டரின் சூட்டு வாசனையும், பக்கத்துத் தேவாலயத்தில் வியாழக்கிழமை நவநாளுக்கு வருகிறவர்களின் மெழுகுவர்த்தி வாசனையும் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். மாணவர்களின் ஆய்வேடுகளைக் கணினியில் தட்டச்சு செய்வதோடு துணைநூல் பட்டியலும் என் பொறுப்பு. குடும்பப்பெயர் முதலில் வர வேண்டும். நம்மவர்களுக்கு ஏது குடும்பப்பெயர்? எத்தனையோ ஆசிரியர்களை அவர்களுடைய அப்பா பெயரில் வரிசைப்படுத்தியிருக்கிறேன்! ஒரு கமா இடம் மாறினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று கர்வம் வேறு.

ரீட்டா அடுகோடியிலிருந்து வருவாள். சமூகப்பணி முதுகலை, கடைசி ஆண்டு. அவள் அம்மாவுக்குத் தெரு பெருக்கும் வேலை. அம்மாவோடு வேலை பார்த்த முப்பது பெண்களிடம் பேசி, அதையே ஆய்வேடாக எழுதியிருந்தாள். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள்.

ஒரு வியாழக்கிழமை மாலை. மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பட்டியலில் இரண்டு நூல்களுக்கு மேற்கோள் எடுத்த பக்க எண் இல்லை. "காலைல லைப்ரரில பாத்துட்டு போன் பண்றேண்ணா. அது வரைக்கும் விட்டு வைங்க" என்று சொல்லிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கடை பைண்டர் வந்தார். "இப்பவே குடுத்தா உண்டு, நாளைக்கு நான் இல்ல." அந்த இரண்டு வெற்றிடங்களும் என் அழகான பட்டியலில் பல் விழுந்த மாதிரி இருந்தன. மனதுக்குத் தோன்றிய எண்களைப் போட்டு, அச்செடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன்.

காலையில் அவள் போனில் சரியான எண்களைச் சொன்னாள். "சரிம்மா, போட்டுடறேன்" என்றேன். கட்டிய பிரதி அதற்குள் என் மேஜைக்கு வந்திருந்தது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த நூல்களில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் போட்ட பக்கமே அதில் கிடையாது. நூல் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. படிக்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்தவள், அந்த முப்பது பேரிடமும் உண்மையிலேயே பேசினாளா என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு புதிதாக எழுதிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தாள். "நோட்டுல சரியாத்தாண்ணா இருக்கு. போன்ல நான் என்ன நம்பர் சொன்னேன்?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். "நீ சொன்னதத்தாம்மா போட்டேன்" என்றேன்.

நோட்டை மூடிப் பையில் வைத்தாள். "அப்போ நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போல. உங்களக் கேட்டதுக்கு சாரிண்ணா" என்று படியிறங்கிப் போனாள்.

அவள் மறுபடி எழுதவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒருமுறை அடுகோடி சிக்னலில் கம்பெனி வண்டியின் ஜன்னலோரம் பார்த்தேன். கையசைத்தாள். நானும் அசைத்தேன். அவ்வளவுதான் என் தைரியம்.

கடை இப்போது இல்லை. கணினியைப் பழைய சாமான்காரர் எடுத்துப் போனார். ஆய்வேடும் அதோடு போயிற்று. ஏற்காத ஆய்வேட்டைக் கல்லூரி வைத்துக்கொள்வதில்லை. கட்டிய பிரதியை அன்றே கிழித்துப் போட்டுவிட்டாளாம். அந்தப் பெண்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். முப்பது பேர் சொன்னதையும் டைப் அடித்தவன் நான். ஒருவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "கையுறை குடுத்தாங்க, ஆம்பள சைஸு. போட்டா தொடப்பம் நழுவுது." அவர் பெயரையும் நான்தான் அடித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.