டம்ளர் தண்ணீர்

மல்லிகைப் பதியன் கேட்டுப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்த பாய் ஒருவரின் மொட்டைமாடி முழுக்கத் தொட்டிகள். வீங்கிய பாதங்களோடு ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு செடிக்கும் எவர்சில்வர் டம்ளரால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றியதும் நகரமாட்டார். மண் அதை உறிஞ்சி முடிக்கும்வரை குனிந்து பார்ப்பார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

“ஹோஸ் போட்டா சட்டுனு முடிஞ்சிருமே பாய்?”

“முடிஞ்சிரும்ல? அதான் போடல,” என்று சிரித்தார். பிறகு டம்ளரைத் தூக்கிக் காட்டினார். “கிட்னி போச்சு சார். டயாலிசிஸ் ஓடுது. நாள் முழுக்க இதுல ரெண்டு டம்ளர் தண்ணிதான்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. நாக்கு வறண்டா மாடிக்கு வந்துருவேன். இதுக குடிக்கிறதப் பாத்தா செத்த நேரம் அடங்கும்.”

பதியனை வாங்கிக்கொண்டு அவரோடு கீழே இறங்கினேன்.

“இந்த வெயில்ல தண்ணி குடிக்காமப் போகாதீக,” என்று பானையில் மொண்டு ஒரு சொம்பை நீட்டினார். அவர் முன்னால் குடிக்கக் கூசியது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மெதுவாகக் குடித்தேன். சொம்பு காலியாகும்வரை, மண்ணைப் பார்த்த அதே கண்களால், அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.